மறைமாவட்டத் தீர்ப்பு வந்துவிட்டது, கல்யாணம் பேசலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்தவக் குடும்பங்களில் மணமுறிவு பெருகுவதைப் பற்றி நீங்கள் எழுதியே ஆகவேண்டும். ‘கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்’ என்ற வசனத்தின்மேல் நின்ற சட்டத்தை 2001இல் தளர்த்தினார்கள். அடுத்து, பிறன்மனை உறவு குற்றமே இல்லை என்றார்கள். இன்று சேர்ந்து வாழ்வது, இணையத் தொடர்கள், ஞாயிறு பூசைக்கு வராத பிள்ளைகள் என்று நாடே வேறாகிவிட்டது. சட்டத்தை மறுபடி இறுக்க வேண்டாமா?

என் அக்கா மகள் விஷயத்தில் மட்டும் ஒரு ஆறுதல். பிள்ளையே பெற்றுக்கொள்வதில்லை என்ற முடிவை மறைத்து அவளைக் கட்டியவன் அவன். வெளிநாட்டில் இருக்கிறான். அந்தத் திருமணம் செல்லாது என்று மறைமாவட்ட நீதிமன்றம், அதாவது ஆயரின் கீழுள்ள திருச்சபை நீதிமன்றம், தீர்ப்புக் கொடுத்துவிட்டது. தையில் வேறு இடத்தில் முடிக்கப் பேசியிருக்கிறோம். செபியுங்கள்.

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பூசைக்கு வராத பிள்ளைகளை உங்கள் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார். இணையத் தொடர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிறன்மனை உறவு விஷயத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது சிறைத் தண்டனையைத்தான். மணமுறிவு கேட்பதற்கு அது இன்றும் ஒரு காரணம்தான்.

ஆனால் பழைய சட்டம் வசனத்தின்மேல் நின்றது என்கிறீர்களே, அதை விடமுடியாது. கொஞ்ச நாளாகவே இந்தப் பேச்சை நிறையப் பேர் வாயில் கேட்கிறேன். 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தை ஒருமுறை எடுத்து வாசித்துவிட்டுப் பேசுங்கள். 2001க்கு முன் அதன் 10ஆம் பிரிவின்படி, மனைவி விபசாரம் செய்தாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவிக்கு அது போதாது. விபசாரத்தோடு கொடுமையும் இருந்தது, அல்லது இரண்டு ஆண்டு கைவிட்டும் போனான் என்று சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி உதை என்றால் தனித்து வாழ உத்தரவு வாங்கலாம், கட்டு அவிழாது. 34ஆம் பிரிவு இன்னும் மோசம். மனைவியோடு உறவு வைத்தவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம், பயிரை மேய்ந்த மாட்டின் சொந்தக்காரனிடம் கேட்பதுபோல. இத்தனையும் தாண்டி மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தாலும், உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை உறுதிசெய்ய வேண்டும்.

இதில் எந்த வரி நற்செய்தியில் இருக்கிறது? மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு கணவனுக்குச் சொன்னதையே மனைவிக்கும் சொல்கிறார். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னது இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டம். நம்முடையது அதைப் பார்த்து எழுதியது. இங்கிலாந்துக்காரன் அந்த ஓரவஞ்சனையை 1923இல் கைவிட்டான். 1937இல் கொடுமையையும் கைவிடுதலையும் தனித்தனிக் காரணங்களாகவே சேர்த்துக்கொண்டான். இங்கே சட்ட ஆணையம் 1960இலும் 1983இலும் மாற்றச் சொல்லியும் 2001 வரை நாடாளுமன்றம் அசையவில்லை. அப்போதுதான் கொடுமையும் கைவிடுதலும் மனைவிக்கும் தனிக் காரணங்களாயின. சொத்திலும் இதே கதைதான். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கு, உயில் இல்லாத அப்பன் சொத்தில் மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986இல் உச்ச நீதிமன்றம்தான் அதை ஒழித்தது. அப்போதும் ‘குடும்பம் உடையும்’ என்றார்கள்.

2001இல் திருச்சபையின் போதனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நீதிமன்றத்தில் மணமுறிவு வாங்கிய கத்தோலிக்கருக்குக் கோயிலில் இன்றும் மறுமணம் கிடையாது. அப்புறம் எதைத் தளர்த்திவிட்டார்கள் என்று புலம்புகிறீர்கள்?

இனி அந்தப் பெண். தையில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போடவில்லை என்றால், சட்டப்படி அவள் இன்றும் அவன் மனைவி. மறைமாவட்டத் தீர்ப்பு சிவில் திருமணத்தைக் கலைக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அத்தகைய தீர்ப்புகளைச் செல்லுபடியாக்கக் கேட்டு வந்த மனுவை 2017இல் தள்ளுபடி செய்தது. இந்த நிலையில் கோயிலில் கட்டிவைத்தால் அது இருதார மணம்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை, முதல் திருமணத்தை மாப்பிள்ளையிடம் மறைத்திருந்தால் பத்து. ‘அவன் எங்கே புகார் கொடுக்கப்போகிறான்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கொடுக்கவே வேண்டாம், கொடுப்பேன் என்று சொல்லிக் காசு கேட்டாலே போதும்.

திருச்சபைத் தீர்ப்பை நீதிமன்றத்தில் நீட்டி ஒரு முத்திரை வாங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு காரணங்களைப் பார்க்கின்றன. பிள்ளைப்பேற்றை மனத்தில் விலக்கிவைத்து வாக்குறுதி சொன்னவனின் சம்மதம் சம்மதமே அல்ல என்பது திருச்சபைச் சட்டம், 1101ஆம் எண். சிவில் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே இல்லை. அந்த மணமுறிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உள்ளவை தாம்பத்திய இயலாமை, விலக்கப்பட்ட உறவுமுறை, மனநலமின்மை, முந்தைய துணை உயிரோடிருத்தல். பலவந்தத்தாலோ மோசடியாலோ பெற்ற சம்மதம் என்றும் வாதாடலாம், ஆனால் மோசடிக்கு நீதிமன்றங்கள் குறுகிய பொருளே கொடுப்பது வழக்கம். அதை நம்பி இரண்டு மூன்று வருடம் இழுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள்.

அவன் ஒத்துக்கொண்டால் அதே சட்டத்தின் 10ஏ பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போடுவதுதான் சுருக்கமான வழி. பிரிந்து வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டு என்றே சட்டத்தில் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகக் குறைத்து, 2022இல் அந்த ஓராண்டுக் காத்திருப்பும் அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. தமிழ்நாட்டில் இதைக் காட்டி வக்கீல் வாதாடலாம்; இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் அந்த வம்பே வேண்டாம். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி கேட்க வேண்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போனவன் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை. நகை, பணம் பேச்சையெல்லாம் மனுப் போடும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் 10ஆம் பிரிவில் கொடுமை, அல்லது இரண்டு ஆண்டு கைவிட்டது. திருமணம் நடந்த ஊர், இருவரும் வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இவற்றில் ஒன்றின் நீதிமன்றத்துக்குத்தான் போகலாம். அவள் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் போதாது. கோயில் திருமணப் பதிவேட்டு நகலை இன்றே வாங்கிவையுங்கள். தீர்ப்பு வந்தபின்னும் மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் கழிய வேண்டும்.

மறைமாவட்டத் தீர்ப்பையும் முழுதாகப் படித்தீர்களா? 2015 டிசம்பர் முதல் இரண்டாம் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவையில்லைதான். ஆனால் சில தீர்ப்புகளின் கடைசியில், ஆயரின் அனுமதியின்றி மறுமணம் கூடாது என்று ஒரு தடை இருக்கும். பெரும்பாலும் குறை இருந்தவருக்குத்தான் அது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இறுக்கச் சொல்கிறீர்களே, அந்தப் பழைய சட்டத்தில் இவளை வைத்துப் பாருங்கள். அவன்மேல் விபசாரம் இல்லை. 10ஏ அப்போது கிடையாது. திருச்சபை அது திருமணமே அல்ல என்று சொன்னபிறகும், அரசின் ஏட்டில் சாகும்வரை அவன் மனைவியாகவே இருந்திருப்பாள். உங்கள் அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டு, சட்டத்தை இறுக்கலாமா என்று கேளுங்கள்.

பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. எல்லாவற்றையும் சொல்லி, குறைந்தது ஒரு வருடம் கேளுங்கள். பங்குத்தந்தையிடம் ஓலை, அதாவது கோயிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்கக் கொடுத்திருந்தால் இந்த ஞாயிறுக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள்.