படம் ஓடிடிக்குப் போனால் யூனிட்டுக்கு என்ன கிடைக்கும்? கேள்வி பதில்

கோடம்பாக்கத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வேலை பார்க்கிறேன். ஓடிடி, சம்பளம், பாக்கி பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

லைட்மேன், வடபழனி: நான் வேலை செய்த படத்தை ஓடிடிக்குப் பெரிய தொகைக்கு விற்றார்களாம். எங்களுக்கு ஏதாவது வருமா அண்ணே?

வராது தம்பி. நம் பேட்டா, அதாவது தினக்கூலி, கால்ஷீட் (ஒரு ஷிஃப்ட் வேலை) கணக்கு. சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சியும் தயாரிப்பாளர்களும் பேசிவைத்த ரேட். அன்றைய ஷூட்டிங் பேக்கப் ஆனதும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறீர்களே, அதோடு சரி. படம் கோடிக்கு விற்றாலும் பெட்டியில் தூங்கினாலும் அதே காசு. ஒரு வகையில் நீங்கள் தப்பித்தவர். அடுத்த ஆளின் கேள்வியைப் பாருங்கள்.

அசிஸ்டென்ட் எடிட்டர், சாலிகிராமம்: "ஓடிடி டீல் முடியட்டும், பேலன்ஸைத் தருகிறேன்" என்று எட்டு மாதமாக இழுக்கிறார்கள். என்ன செய்வது சார்?

இது இப்போது எல்லா எடிட்டிங் ரூமிலும் கேட்கிற வசனம். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடியில் வந்தது, அந்த நவம்பரில் 'சூரரைப் போற்று'. அப்புறம் பட்ஜெட் போடும்போதே ஓடிடி பணத்தை வரவில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. பிறகு ஓடிடி கம்பெனிகள் கையை இறுக்கின. தியேட்டரில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள், பல சின்னப் படங்களை வாங்குவதே இல்லை. வரவு போய்விட்டது, வாக்குறுதி மட்டும் நிற்கிறது.

டீல் முடிந்தாலும் பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணை பெரும்பாலும் ஃபைனான்சியருக்கு, வட்டியோடு. ஷூட்டிங்கில் அன்றன்றைக்குக் கொடுக்காவிட்டால் மறுநாள் லைட் எரியாது. எடிட்டிங், சவுண்ட், டிஐ (கலர் சரிசெய்யும் வேலை) எல்லாம் கடைசியில் வருவதால் வரிசையிலும் கடைசி.

தியேட்டர் ரிலீஸ் என்றால் வியாழக்கிழமை ராத்திரி என்று ஒன்று உண்டு. மறுநாள் காலைக் காட்சி போட்டாக வேண்டும், அதனால் நடு இரவிலாவது உட்கார்ந்து பேசி பாக்கியைத் தீர்ப்பார்கள். நேராக ஓடிடிக்குப் போகும் படத்துக்கு அந்த வியாழக்கிழமை கிடையாது. 2022-ல் நானே ஒரு படத்தில் மூன்று மாதச் சம்பளத்தை இப்படி விட்டேன். படம் இன்னும் விற்கவில்லை.

அதனால் அடுத்த முறை "ரிலீஸுக்கு முன் பேலன்ஸ்" என்று எழுதாதீர்கள். "ஃபர்ஸ்ட் காப்பி ரெடியாகும் நாளில்", அதாவது எல்லா வேலையும் முடிந்து முழுப் படம் தயாராகும் நாளில், என்று எழுதுங்கள். ரிலீஸ் தேதி யார் கையிலும் இல்லை, ஃபர்ஸ்ட் காப்பி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. இந்தப் படத்துக்கு, தொகையும் தேதியும் குறிப்பிட்டு சங்கத்தில் லெட்டர் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்குச் சங்கத்திலும் மதிப்பில்லை.

காஸ்ட்யூமர், ஒரு சகோதரி: வெப் சீரிஸ் பரவாயில்லையா?

காசு ஒழுங்காக வரும். ஓடிடி கம்பெனியே பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும் சீரிஸ் என்றால் அக்ரிமென்ட், பேங்கில் பணம், டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) எல்லாம் முறைப்படி இருக்கும். ஆனால் "பேக்கேஜ்" என்று சொன்னால் உஷாராக இருங்கள். 30 நாளுக்கு 60,000 ரூபாய் என்றால் நாளுக்கு 2,000. அதே பேக்கேஜில் 40 நாள் இழுத்தால் 1,500 ஆகிவிடும், யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள் அம்மா.

பாடலாசிரியருக்கு ராயல்டி உண்டு, கேமராமேனுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

சட்டப்படி படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். பாட்டும் இசையும் கதையும் தனிப் படைப்புகள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, தியேட்டரில் படமாக ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் அவற்றை எழுதியவர்களுக்குச் சம பங்கு என்று வைத்தார்கள். கேமரா, எடிட்டிங், ஆர்ட் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

ஹாலிவுட்டில் டெக்னீஷியன்களுக்குப் பங்கு தருகிறார்களாமே?

கையில் தருவதில்லை. படம் மறுபடி மறுபடி விற்கும்போது ஸ்டுடியோக்கள் கட்டும் ரெசிடுவல் என்ற பங்கு டெக்னீஷியன்களுடைய ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குப் போகிறது. 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள் ஸ்ட்ரைக் செய்தபோது, நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். லைட்மேனும் கார்பென்டரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மறு வருடம் அந்த டெக்னீஷியன்களின் சங்கமான ஐயாட்ஸி மூன்று வருடத்துக்கு 7, 4, 3.5 சதவீத உயர்வு பேசி வாங்கியது. நமக்கு அந்த மருத்துவ நிதி வந்தாலே போதும் என்பேன்.

ஓடிடி பணம் தொழிலாளிக்கு வந்ததே இல்லையா?

வந்தது. 'சூரரைப் போற்று' விற்ற பணத்தில் 5 கோடி ரூபாய் உதவி தருவதாக சூர்யா அறிவித்தார், அதில் ஒரு பங்கு சினிமாக்காரர்களுக்கு. 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நவரசா' சீரிஸில் பலர் சம்பளம் வாங்காமல் வேலை செய்து, கொரோனாவில் முடங்கிய சினிமாத் தொழிலாளர்களுக்கு உதவினார்கள். நல்ல மனசு. ஆனால் அது உதவி, சம்பளம் வேறு.

அதே அசிஸ்டென்ட் எடிட்டர்: லெட்டர் எழுதுகிறேன் சார். அதுவரை ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போய்விடட்டுமா?

வேண்டாம் தம்பி. பாக்கி அவர்கள் பக்கம் இருக்கிறது, திருட்டுப் புகார் உங்கள் பக்கம் வந்துவிடும். டிஸ்க்கை ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளின் ஜெராக்ஸ்தான் சங்கத்து லெட்டரோடு போக வேண்டியது.