பெட்ரோல் பங்க்கில் காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? – கேள்வி பதில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பகுதிகளில் உள்ள பெட்ரோல் பங்க்குகளுக்குச் சென்று, அங்குள்ள கம்ப்ரசர்களையும் காற்றடிக்கும் மீட்டர்களையும் பழுது பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். காற்றடிக்கப் பணம் கேட்பது சரிதானா என்று நண்பர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு நண்பர்: சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கில் காரின் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பிடித்த பையன், "இருபது ரூபா குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். நான் கொடுத்தே ஆக வேண்டுமா?

கொடுக்க வேண்டியதில்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் பங்க்குகளுக்கு வகுத்திருக்கும் விற்பனை ஒழுங்கு நெறிமுறைகளின்படி, டயருக்குக் காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்காமல் தர வேண்டும். பெட்ரோல் போட்டால்தான் காற்று என்ற நிபந்தனையும் அதில் கிடையாது. பெரும்பாலான பங்க்குகளில் "இலவசக் காற்று" என்று பலகையே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகையின் கீழேயே நின்றுகொண்டு காசு கேட்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பையனிடம் குரலை உயர்த்த வேண்டாம். "இங்கே காற்று இலவசம்தானே தம்பி, மேனேஜர் இருக்கிறாரா?" என்று பொறுமையாகக் கேட்டாலே பத்தில் ஒன்பது இடங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பங்க் உரிமையாளர்: ஐயா, கம்ப்ரசரை வாங்கியவன் நான், கரண்ட் பில் கட்டுபவன் நான், காற்றடிக்கும் பையனுக்குச் சம்பளம் கொடுப்பவனும் நான். வாடிக்கையாளர் ஐந்தோ பத்தோ கொடுத்தால் என்ன தவறு?

தங்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் கரண்ட் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறிய காரின் டயர் உள்ளே ஏறத்தாழ முப்பது லிட்டர் கொள்ளும். 26 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும் டயரை 32க்கு ஏற்ற வேண்டுமானால் வெளிக்காற்றில் பன்னிரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். நான்கு டயர்களுக்கும் சேர்த்து ஐம்பது லிட்டர். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்த கம்ப்ரசர் நிமிடத்துக்கு நானூறு லிட்டருக்குக் குறையாமல் இழுக்கும் என்பதால், இந்த ஐம்பது லிட்டருக்கு மோட்டார் ஓடுவது ஏழெட்டு வினாடிகள் மட்டுமே. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்து, கசிவையும் சேர்த்துக்கொண்டாலும் செலவு இருபது பைசாவைத் தாண்டாது. எனவே கரண்ட்டைக் காட்டிப் பத்து ரூபாய் கேட்பதில் நியாயமில்லை.

சம்பளம் என்பது வேறு. அதுதான் உண்மையான செலவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லிட்டருக்கு இவ்வளவு என்று எண்ணெய் நிறுவனம் தங்களுக்குத் தரும் கமிஷன், ஆள் கூலி, மின்சாரம் உள்ளிட்ட நடத்துச் செலவுகளுக்காகவும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. 2017க்குப் பிறகு அந்தக் கமிஷன் 2024 அக்டோபரில்தான் உயர்த்தப்பட்டது என்பதும், இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கூலி எவ்வளவு ஏறிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் குறையை முறையிட வேண்டிய இடம் நிறுவனம்தான். ஸ்கூட்டரில் வந்து நிற்கும் பெண்மணியிடம் ஐந்து ரூபாய் வாங்கி அதைச் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் காற்றடிக்கும் பையனுக்குச் சம்பளமே கிடையாது. வண்டிக்காரர்கள் கொடுப்பதை வைத்துக்கொள் என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கை நீட்டும் பையனை வாடிக்கையாளர் திட்டுகிறார், அவனை அப்படி நிறுத்தியவர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. வெயிலில் நாள் முழுவதும் குனிந்து நிமிரும் அந்தப் பிள்ளைக்கு விருப்பப்பட்டு ஒருவர் பத்து ரூபாய் கொடுத்தால் அது அன்பளிப்பு, அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்கினால் அது கட்டணமாகிவிடும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாயார்: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே காசு போட்டால்தான் காற்று வரும் என்கிறானே, உண்மைதானா?

உண்மைதான் அம்மா, ஆனால் எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. கலிபோர்னியாவில், பெட்ரோல் போடும் வாடிக்கையாளருக்குக் காற்றையும் தண்ணீரையும் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்திலும் காற்று இலவசம். மற்ற பல இடங்களிலும், பிரிட்டனிலும், காசோ கார்டோ போட்டு இயக்கும் இயந்திரங்களே அதிகம். அவை நேரக் கணக்கில் ஓடுபவை. ஆகவே காசு போடுவதற்கு முன்பே நான்கு டயர்களின் வால்வு மூடிகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசு போட்ட பிறகு மூடியைத் திருகிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

பல்லடத்திலிருந்து ஒரு நண்பர்: சாதாரணக் காற்று இல்லை, நைட்ரஜன்தான் இருக்கிறது என்று சொல்லி ஒரு பங்க்கில் பணம் வாங்கினார்கள். நைட்ரஜன் அவசியமா?

நைட்ரஜன் தனிச் சேவை, அதற்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. ஆனால் அதைக் காட்டி இலவசக் காற்றை மறைப்பது தவறு. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 30 பிஎஸ்ஐ நிரப்பிய டயர்களை ஓர் ஆண்டு வைத்துப் பார்த்தபோது, சாதாரணக் காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐயும், நைட்ரஜன் நிரப்பியவை 2.2 பிஎஸ்ஐயும் குறைந்திருந்தன. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் அவ்வளவுதான். நைட்ரஜன் போட்டவர்களும் மாதம் ஒரு முறை பார்த்தாக வேண்டும் என்னும்போது, நம்முடைய சாலைக்கும் ஓட்டத்திற்கும் சாதாரணக் காற்றே போதும் என்பது என் கருத்து. இரண்டையும் கலக்கலாமா என்று கேட்கிறார்கள்; தாராளமாகக் கலக்கலாம்.

சூலூரிலிருந்து ஒரு நண்பர்: ஒரு பங்க்கில் 33 வைத்துவிட்டு வந்தேன். அடுத்த பங்க்கில் பார்த்தால் 29 காட்டுகிறது. எதை நம்புவது?

எல்லாரும் பத்து ரூபாயைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். காற்றுக்குக் காசு வாங்காத பங்க்கில் மீட்டர் தப்பாக இருந்தால், வாடிக்கையாளர் இழப்பது பத்து ரூபாயோடு நிற்பதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறைகிறது. ஆறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுபவர் மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், அதில் அறுபத்தைந்து ரூபாய்க்கு மேல் வீணாகிறது. அதைவிடப் பெரியது டயரின் தேய்மானம். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறும். கோடையில், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு ஒரு முக்கியமான காரணம்.

மீட்டர் ஏன் மாறுகிறது? ஹோஸ் மாட்டும் தலையில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மீட்டரைச் சரிபார்த்தே நெடுநாள் ஆகியிருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்க்கில், "மீட்டர் ஒரு நாள் ஒன்று சொல்கிறது, மறுநாள் வேறு சொல்கிறது" என்று கூப்பிட்டார்கள். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தேன். துருவும் எண்ணெயும் கலந்து, தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது; நான் வைத்த வாளி நிரம்பி வழிந்த பிறகுதான் காற்று வந்தது. காலையில் ஒரு நிமிடம் திறந்துவிட வேண்டிய குழாயை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. அந்தத் தண்ணீர்தான் ஹோஸ் வழியாக அத்தனை வண்டிகளின் டயருக்குள்ளும் மீட்டருக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. நம் கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கிய எல்ஜி (ELGi) நிறுவனம் இன்று உலகம் முழுவதும் கம்ப்ரசர் அனுப்புகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வடிகால் குழாயைத் திறக்க ஆளில்லாமல் போவது எனக்கு ஆறவில்லை.

எனவே சில நூறு ரூபாயில் கிடைக்கும், காற்றழுத்தம் அளக்கும் நல்ல கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். இரண்டு பங்க் மீட்டர்களில் எது சரி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

திருப்பூரிலிருந்து, ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்லும் ஒரு சகோதரி: காற்றடிப்பவர் மீட்டரையே பார்ப்பதில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "போதும்க்கா" என்கிறார். சரிதானா?

சரியில்லை. விரலுக்கு 22ம் 30ம் ஒன்றுபோலத்தான் தெரியும். முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் வண்டியிலேயே ஒட்டிய ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் தனியாக இருக்கும். காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு என்பதால், அதைப் பார்த்து நிரப்பக் கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு டாக்ஸி ஓட்டுநர்: ஊட்டிக்கு ஏறும்போது காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே அண்ணா?

வேண்டாம் தம்பி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, மீட்டர் ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் குளிர் இருக்கிறதே. பத்து டிகிரி குறைந்தால் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மலையேறி வந்த சூட்டோடு அளந்துவிட்டு, கூடுதலாக இருக்கிறது என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குளிர்ந்த டயரோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காற்றுப் போதாமல் இருக்கும். மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டியில் அளப்பதுதான் சரியான அளவு. வீட்டுக்கு மிக அருகில் உள்ள பங்க்கையே காற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: எங்கள் லாரிக்குப் பங்க்கில் காற்றடிக்கத் தயங்குகிறார்கள், டயர் கடையில் பணம் வாங்குகிறார்கள். இதுவும் தவறுதானே?

டயர் கடையும் பஞ்சர் கடையும் தனியார் தொழில்; எண்ணெய் நிறுவனத்தின் விதி அவர்களைக் கட்டாது, கூலி வாங்குவது அவர்கள் உரிமை. வெறும் டயரை 110 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றுவதற்கு ஆயிரம் லிட்டர் அளவுக்குக் காற்று வேண்டும் என்பதால் பங்க்கின் சிறிய கம்ப்ரசர் திணறத்தான் செய்யும். கழற்றி மாட்டிய, லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) வைத்த சக்கரத்துக்குப் பங்க்கில் காற்றடிக்கவே அடிக்காதீர்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்கும் கடைக்கே கொண்டு போங்கள். அந்த வளையம் தெறித்தால் எதிரே நிற்பவர் உயிருக்கு ஆபத்து.

காங்கேயத்திலிருந்து ஒரு நண்பர்: எங்கள் பங்க்கில் எப்போது போனாலும் "மெஷின் ரிப்பேர்" என்று அட்டை தொங்குகிறது. யாரிடம் சொல்வது?

பங்க்கில் புகார்ப் புத்தகம் இருக்கும். கேளுங்கள், தர மறுக்கக் கூடாது. தேதி, நேரம், வண்டி எண் போட்டு எழுதுங்கள். நிறுவனத்தின் விற்பனை அதிகாரியின் எண்ணும் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு அட்டையின் படத்தை அனுப்பிவிட்டால், பெரும்பாலும் அடுத்த சில நாட்களில் என்னைப் போன்ற ஒருவருக்கு அழைப்பு வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு நண்பர்: மாலையில் காற்றுப் பிடித்தால் காலையில் பின் சக்கரத்தில் ஐந்து பிஎஸ்ஐ குறைகிறது. பஞ்சர் இல்லை என்கிறார்கள். தினமும் பங்க்குக்குப் போக வேண்டியிருக்கிறது.

வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரை விரலில் தொட்டு வால்வின் வாயில் ஒரு துளி வையுங்கள். கசிவு இருந்தால் அந்தத் துளி மெல்லக் குமிழாக உப்பி உடைந்து, மறுபடியும் உப்பும். அப்படியானால் உள்ளே இருக்கும் வால்வு பின் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் மண் ஏறியிருக்கிறது. எந்தப் பஞ்சர் கடையிலும் சிறு தொகையில் மாற்றிக் கொடுப்பார்கள். குமிழ் வராவிட்டால் வால்வின் அடிப்பகுதியிலும், டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம் முழுவதும் அதே தண்ணீரை ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய அலாய் சக்கரமாக இருந்தால் அந்த விளிம்பில்தான் பெரும்பாலும் குமிழ் வரும். டயரைக் கழற்றி ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் நின்றுவிடும். மாட்டிய பிறகு வால்வு மூடியை மறக்காமல் திருகிவிடுங்கள்.