சட்டைப் பைக்கு ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தினமும் கூடவே வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு மடக்குக் கத்தி வேண்டும், எதை வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எஃகின் பெயர்தான் பலருக்கும் முதல் கவலை. நான் முதலில் பார்ப்பது அலகின் தடிமனை. காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

பார்சல் பிரிக்க வேண்டும், ஆபீஸில் பழம் நறுக்க வேண்டும். என் தேவை அவ்வளவுதான். ஒரே ஒரு கத்தி சொல்லுங்கள். (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கேடட், அலாக்ஸ் பிடி போட்டது. மூடினால் 84 மி.மீ. நீளம், எடை 50 கிராமுக்கும் குறைவு. அலுமினியப் பிடியில் பொடிக் கட்டங்களாகச் சொரசொரப்பு இருப்பதால் கை ஈரமாக இருந்தாலும் வழுக்காது. ஒரு அலகு, ஒரு நக அரம், ஒரு டப்பா ஓப்பனர், ஒரு பாட்டில் ஓப்பனர். ஓப்பனர்களின் நுனி ஸ்க்ரூடிரைவராகவும் உதவும். கத்திரிக்கோல், ரம்பம், கார்க் திருகி எதுவும் இல்லையே என்று யோசிப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு அடுக்கைக் கூட்டும். அடுக்கு கூடினால் பாக்கெட்டில் துருத்தும். துருத்துகிற கத்தி சில வாரங்களிலேயே மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அப்புறம் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது.

சாவிக்கொத்தில் தொங்கினால் போதும் என்றால் அதே கம்பெனியின் 58 மி.மீ. கிளாசிக். எடை 20 கிராம் சொச்சம்தான். கத்திரிக்கோலும் இடுக்கியும் பல்குச்சியும் அதற்குள்ளேயே உண்டு. டேப் கிழிக்கவும் நூல் வெட்டவும் அருமையானது. மாம்பழத்துக்கு மட்டும் அது வேண்டாம். அலகு கொட்டையைத் தொடுவதற்குள் பிடியின் இடுக்கெல்லாம் சாறு இறங்கிவிடும்.

பழம்தான் முக்கிய வேலை என்றால் பிரான்ஸின் ஓபினெல், அளவில் 6 அல்லது 7ஆம் எண். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. இன்றும் அடிப்படை வடிவம் மாறவில்லை: மரப் பிடி, மெல்லிய அலகு. விலையும் கையைக் கடிக்காது.

டி2, விஜி10, 8சிஆர்13 என்று ஏதேதோ போடுகிறார்கள். எந்த எஃகு நல்லது? (பொறியியல் மாணவர், திருச்சி)

ஒரு கேரட்டை எடுத்துக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். தடித்த அலகு பாதி வரைதான் வெட்டிக்கொண்டு இறங்கும். அதற்குமேல் அது ஆப்பாகிப் பிளக்கும். கேரட் 'டக்' என்று உடைந்து துண்டு எகிறிப் போகும். மெல்லிய அலகு சத்தமில்லாமல் அடிவரை இறங்கும். இரண்டும் ஒரே எஃகாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை எஃகு தீர்மானிக்கிறது. கத்தி எவ்வளவு சுலபமாக இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது விளிம்புக்குப் பின்னால் இருக்கும் தடிமன். சின்னக் கத்தியில் முதுகுப் பக்கம் 2 மி.மீ. தாராளம். 3 மி.மீ.க்கு மேல் தடித்த அலகோடு 'டாக்டிகல்' என்ற பெயரில் விற்பவை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கொய்யா நறுக்கச் சிரமப்படும்.

எஃகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்விஸ் கத்திகளின் எஃகு கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சுமார் 56தான். நிபுணர்கள் சிலர் அதை மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் அந்த எஃகு லேசில் துருப்பிடிக்காது, சாதாரணக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் வந்துவிடும். ஓபினெலின் எவர்சில்வர் வகைக்குப் பயன்படும் சாண்ட்விக் 12சி27 எஃகும் அதே குணம்தான், கூர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். டி2வின் கூர் நீண்ட நாள் தாங்கும். மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் அதைத் தீட்டி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அதோடு அது முழுமையான துருப்பிடிக்காத எஃகும் இல்லை. வீட்டில் வைரத்தூள் பூசிய தீட்டுக்கல் இல்லாதவர்கள் டி2 பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கார்பன் எஃகா, எவர்சில்வரா? (மீன் வியாபாரி, நாகப்பட்டினம்)

உங்களுக்கு எவர்சில்வர், யோசிக்கவே வேண்டாம். உப்புக்காற்று, மீன் தண்ணீர், வியர்வை மூன்றும் சேர்ந்தால் கார்பன் அலகில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும்.

கடலோரத்தில் இல்லாதவர்கள் கார்பனைத் தாராளமாக முயலலாம். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கியதும் அலகில் சாம்பலும் நீலமுமாகக் கறை படியும். அது துரு இல்லை, பயப்படாதீர்கள். அந்தப் படலம் சிவப்புத் துரு வருவதைத் தாமதப்படுத்தும். தேய்த்து எடுக்காமல் விடுங்கள். ஆனால் முதல் சில நாட்களுக்கு வெட்டிய பழத்தில் இரும்பு வாசனை லேசாக அடிக்கும்.

லாக் இல்லாத கத்தி விரலை வெட்டிவிடாதா? (இல்லத்தரசி, விருதுநகர்)

லாக் இல்லாத கத்தியில் அலகைப் பிடித்து வைத்திருப்பது முதுகுப்பக்க ஸ்பிரிங். விளிம்பை அழுத்தி வெட்டும்போது அலகு திறக்கும் திசையில்தான் விசை போகிறது, அதனால் மடங்காது. ஆபத்து குத்தும்போது. அட்டைப்பெட்டியில் முனையால் துளை போடுவது, எதையாவது நெம்புவது, ஆழமாகச் சிக்கிய அலகை ஆட்டி ஆட்டி இழுப்பது, இந்த மூன்றில்தான் அலகு விரல்மேல் மடங்கும். இவற்றைத் தவிர்த்தால் வீட்டு வேலைக்கு லாக் அவசியமே இல்லை.

உங்கள் வேலையில் குத்தித் திறப்பது தவிர்க்க முடியாதது என்றால் லாக் உள்ளதை வாங்குங்கள். ஓபினெலில் 6ஆம் எண்ணிலிருந்து மேலே எல்லாவற்றிலும் ஒரு உலோக வளையம் உண்டு, 1955இல் வந்த ஏற்பாடு. அலகைத் திறந்து வளையத்தைத் திருகிவிட்டால் போதும், அலகு நகராது. லாக்குகளில் இவ்வளவு எளிமையான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. மூடிய நிலையிலும் அதைப் பூட்டலாம், பையில் தானாகத் திறந்துகொள்ளாது. லைனர் லாக் வகையில் ஒரு விஷயம் கவனியுங்கள்: உள்ளே இருக்கும் தகட்டைப் பெருவிரலால் தள்ளித்தான் அதை மூட வேண்டும், அந்த நேரத்தில் பெருவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும். தகடு விலகி அலகு அசைந்ததும் விரலை எடுத்துவிடுங்கள்.

போலீஸ் பிடித்தால்? விமானத்தில்? (மருந்து விற்பனைப் பிரதிநிதி, சேலம்)

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் உரிமம் தேவைப்படும் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசும் கத்திகளின் அலகு 3 அங்குலத்தைச் சுற்றித்தான். ஆனால் பட்டன் அழுத்தினால் பாயும் கத்தி வேண்டவே வேண்டாம். டெல்லியில் அவற்றுக்குத் தனி அறிவிக்கையே இருக்கிறது. எந்த ஊரிலும் அதைப் பழம் நறுக்க வைத்திருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டம் அனுமதித்தாலும் இடம் அனுமதிக்க வேண்டும். நீதிமன்றம், தேர்வுக்கூடம், அரசியல் கூட்டம் போகிற நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும், கைப்பையில் கூடாது. அடிக்கடி பறக்கிற உங்களுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன்: வீட்டுச் சாவியோடு கத்தியைக் கோக்காதீர்கள். ஸ்கேனரில் இழக்கும் கத்திகளில் பல சாவிக்கொத்தில் மறந்துபோனவைதான்.

லண்டனில் இருக்கிறேன். ஓபினெல் 8 வைத்துக்கொள்ளலாமா? (மென்பொருள் ஊழியர், ஹாரோ)

பையில் வைத்துக்கொண்டு தெருவில் போகாதீர்கள். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது மடக்குக் கத்தி மட்டும்தான். அதன் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகக் கூடாது, லாக்கும் இருக்கக் கூடாது. திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தியை அங்குள்ள நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாகவே ஏற்பதில்லை. ஓபினெல் 8 இரண்டிலும் சிக்கும்: அலகு 8.5 செ.மீ., வளையமும் இருக்கிறது. வளையம் இல்லாத 5ஆம் எண்ணோ, மேலே சொன்ன கேடட்டோ சரியாக வரும். ஸ்விஸ் கத்திதானே என்று 111 மி.மீ. வகையை வாங்கிவிடாதீர்கள், அவற்றில் லாக் உண்டு.

வீட்டிலேயே கூர் தீட்டுவது எப்படி? தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் சரியான ஆள். மடக்குக் கத்தியை வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் கொடுக்க மனம் வரவில்லை. அலகு மெல்லியது, சட்டென்று சூடேறும். கார்பன் எஃகு 200 டிகிரியைத் தாண்டினாலே கடினம் குறையத் தொடங்கும். விளிம்பு நீலம் பாய்ந்தால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் மறுபடி எத்தனை முறை தீட்டினாலும் கூர் தாங்காது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரட்டைப்பக்கக் கல்லே போதும். ஈரத் துணியை விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்தால் 45 பாகை, அதிலும் பாதி சாய்த்தால் 22. இன்னும் ஒரு துளி சாய்த்து அந்தக் கோணத்தைக் கையில் பூட்டிக்கொள்ளுங்கள். விளிம்பு முன்னே போகிற மாதிரி, அடியிலிருந்து முனை வரை ஒரே பக்கமாகத் தள்ளித் தீட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது? இங்குதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தீட்டாத பக்கத்தில் பெருவிரலை முதுகில் வைத்து, விளிம்பைத் தாண்டி வெளியே நழுவவிடுங்கள். விளிம்பின் நெடுக்காக ஓட்டவே கூடாது. பொடி மணல் ஒட்டியதைப் போல் விரலில் ஏதோ சொரசொரவென்று தட்டும். அதுதான் பிசிறு. அடியிலிருந்து முனை வரை அது விடாமல் தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. இப்போது திருப்பி மறுபக்கம். பிறகு மெல்லிய பக்கக் கல்லில் அழுத்தமில்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தீட்டினால் பிசிறு உதிரும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் விளிம்பைப் பின்னோக்கி இழுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பாருங்கள். இழுபடாமல் வெட்டினால் சரி. அவசரத்துக்குக் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, பளபளப்பு பூசாத அடி வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் ஒரு வாரம் ஓடும்.

அப்பப்பாவின் பழைய பேனாக்கத்தி ஒன்று இருக்குது. மான் கொம்புப் பிடி, அலகிலே ஒரு நட்சத்திரமும் சிலுவையும் பொறிச்சிருக்கு. துருவை எடுத்துப் பாவிக்கலாமோ? (வாசகி, யாழ்ப்பாணம்)

நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆறுமுனை நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் பெயர் பெற்ற கத்தி அது. பூதக்கண்ணாடி வைத்து அலகின் அடியைப் பாருங்கள். கிரீடத்தின் இரு பக்கமும் இரண்டு எழுத்துகள் தெரிந்தால் காலத்தை ஓரளவு சொல்லலாம். விஆர் என்றால் விக்டோரியா காலம், 1901க்கு முன். ஜிஆர் என்றால் பெரும்பாலும் 1910க்குப் பிந்திய ஜார்ஜ் மன்னர்கள்.

துருவை எமரி தாளால் தேய்க்காதீர்கள், முத்திரையும் சேர்ந்து போய்விடும். மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, மெதுவாக, வலுக்கட்டாயம் இல்லாமல் திறந்து மூடுங்கள். சிவப்புத் துருவை எண்ணெய் தொட்ட மிக நைசான ஸ்டீல் வூலால் எடுங்கள், கறுப்பை விட்டுவிடுங்கள். அலகு ஆட்டம் காணாமல் நின்றால் தாராளமாகப் பாவியுங்கள், கடிதம் பிரிக்கவும் பழம் சீவவும் அந்த எஃகுக்கு இன்னும் தெம்பு உண்டு. தீட்டும்போது மட்டும் கையால், கல்லில்.

ஏழு வயது மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கொடுக்கலாமா? (தாய், மதுரை)

கூடவே உட்கார முடியும் என்றால் கொடுக்கலாம். முனை உருண்ட கத்தியாக வாங்குங்கள். ஓபினெலிலும் விக்டோரினாக்ஸிலும் குழந்தைகளுக்கென்றே இருக்கின்றன. மூன்று விஷயம் பழக்குங்கள்: உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், விளிம்பு உடம்பை விட்டு வெளியே போக வேண்டும், இன்னொருவரிடம் மடக்கித்தான் கொடுக்க வேண்டும். மொண்ணைக் கத்தியைக் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அழுத்தி வெட்டும்போதுதான் கை தவறும்.

மூட்டுக்கு என்ன எண்ணெய்? நல்லெண்ணெய் விட்டேன், இறுகிவிட்டது. (விவசாயி, தேனி)

சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும், அதுதான் இறுகியது. வெந்நீரில் சோப்புப் போட்டு, உள்ளே முழுகவிட்டுப் பலமுறை திறந்து மூடுங்கள், கரைந்து வரும். மரப் பிடி என்றால் மட்டும் முழுகவிடாமல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மரம் ஊறினால் அலகு மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கி மூட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பிசினாகாது, பழத்தில் பட்டாலும் பாதகமில்லை. அலகில் டேப் பசை ஒட்டியிருந்தாலும் அதையே பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம்.