நிர்ப்பீடனக் கலங்கள் பற்றீரியாவின் மேற்பரப்பு வெல்லங்களை எவ்வாறு இனங்காண்கின்றன?

நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் இதற்கு வாங்கிகளைப் பயன்படுத்துகின்றன. வாங்கி என்பது கலத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். தனக்குப் பொருந்தும் வடிவமுள்ள மூலக்கூறு வந்தால் மட்டுமே அது பற்றிக்கொள்ளும். கிருமிகளை விழுங்கும் கலங்களிலுள்ள மனோசு வாங்கியின் பொருந்துமிடத்தில் ஒரு கல்சியம் அயன் (மின்னேற்றமுள்ள கல்சியம் அணு) அமர்ந்திருக்கிறது. மனோசு வெல்லத்தின் அடுத்தடுத்த இரு ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த OH பகுதிகள்) உரிய திசையில் நிற்பதால் அவ்வயனுடன் இணைகின்றன, கலக்டோசு என்னும் வேறொரு வெல்லத்திலோ அவற்றுள் ஒன்று திசைமாறி நிற்பதால் பிடி கிடைப்பதில்லை. நமது கலங்களின் வெல்லச் சங்கிலிகள் பெரும்பாலும் கலக்டோசிலோ சியாலிக் அமிலம் என்னும் இன்னொரு வெல்லவகையிலோ முடிவதால் அவை தப்பிவிடுகின்றன.

ஒற்றைப் பிடி மிகப் பலவீனமானது. கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்திலுள்ள ஒட்டுப்பட்டையைப் பாருங்கள்: ஒரு கொளுக்கியை நகத்தால் விடுவிக்கலாம், முழுப் பட்டையையும் பிரிக்க இழுக்கவே வேண்டும். பற்றீரியாவின் மேற்பரப்பில் மனோசு போன்ற ஒரே வெல்லம் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப வருவதால், பல பிடிகள் ஒருங்கே சேர்ந்து உறுதியாகின்றன. (சில பற்றீரியாக்கள் சியாலிக் அமிலத்தைப் போர்த்திக்கொண்டு நம்மவர் போல நடிப்பதும் உண்டு, இக்கள்ளத்தனமே எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி.)

பிளேன்ரீயில் போடும் சீனியையே இவ்வாங்கிகள் தேடுகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. இங்கே குறிக்கப்படுவது பற்றீரியா தன் உறையில் தானே கட்டியெழுப்பும் வெல்லச் சங்கிலிகளையே.