கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோழிக்குப் போட்ட மருந்து கோழியோடு போய்விடும். அதனால் மனுஷனுக்கு மருந்து கேட்காமல் போகும் என்கிறார்களே, எப்படி? (பிராய்லர் பண்ணைக்காரர், காரிமங்கலம்)

மருந்து போய்விடும், கிருமியை அந்த மருந்துக்கு அடங்காமல் செய்யும் மரபணு போகாது. பாக்டீரியாவுக்குள் அதன் முக்கிய டிஎன்ஏ தவிர, பிளாஸ்மிட் என்ற சின்னச் சின்ன டிஎன்ஏ வளையங்களும் இருக்கும். அந்த மரபணு பல நேரம் இவற்றில்தான் இருக்கும். இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று தன் பிளாஸ்மிட்டின் நகலை மற்றதற்குத் தந்துவிடும். தன்னுடையதையும் இழக்காது. வாங்குவது ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோழிக் குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, நமக்கு நோய் தரும் கிருமிக்கும் கொடுக்கலாம்.

கோலிஸ்டின் கதை தெரியுமா? வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கையில் எடுக்கும் மருந்து அது. அதை எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதற்கு அடங்காத எம்சிஆர்-1 என்ற மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015-இல் சீனாவில் கண்டார்கள். பன்றியிலும் இருந்தது, இறைச்சியிலும் இருந்தது, நோயாளிகளிடமும் இருந்தது. இந்தியா 2019-இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: மருந்து அந்த மரபணுவை உண்டாக்குவதில்லை. அது இல்லாத கிருமிகளைக் கொன்று, இருப்பவற்றுக்கு இடம் காலி செய்து தருகிறது. நோய் வந்தால் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி கொடுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தண்ணீரில் கலப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

செத்த பாக்டீரியாகூட மரபணு தருமாமே, உண்மையா? (பிளஸ் டூ மாணவி, பாப்பிரெட்டிப்பட்டி)

உண்மைதான் அம்மா. 1928-இல் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், சூட்டில் கொன்ற கொடிய நிமோனியா கிருமியை உயிருள்ள சாதுவான வகையோடு சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. அதன் உடலில் உயிருள்ள கொடிய வகை இருந்தது. கைமாறியது டிஎன்ஏ என்று 1944-இல் அமெரிக்காவில் ஏவரி என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஒட்டிக்கொண்டு தருவது, செத்ததிலிருந்து எடுப்பது தவிர மூன்றாவது வழியும் உண்டு: பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் சில நேரம் தெரியாத்தனமாக ஒன்றின் மரபணுவை இன்னொன்றுக்குச் சுமந்து போய்விடும். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

சளிக்கு, போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைப் போடலாமா? (தர்மபுரி)

கூடாது. சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு அது கேட்காது. குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இடம் காலியாவதுதான் மிச்சம்.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த காய்கறியில் இந்த மரபணுக்கள் இருக்குமா? (ஓசூர்)

நுரைக்குப் பெரும்பாலும் சோப்புக் கழிவுதான் காரணம். எனக்குக் கவலை, தென்பெண்ணையில் அதோடு வரும் சாக்கடை. பலர் குடலிலிருந்து வந்த கிருமிகளும் மருந்து மிச்சங்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் அது, கைமாற்றத்துக்குத் தோதானது. சமைத்தால் கிருமி செத்துவிடும். கொத்தமல்லி, வெள்ளரி மாதிரிப் பச்சையாகத் தின்பவற்றை நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

ரோஜாச் செடியில் மண்ணை ஒட்டிக் கட்டி கட்டியாக வருகிறது. ஆன்டிபயாட்டிக் தெளிக்கலாமா? (தளி ரோஜா விவசாயி)

மெல்லிய வேர்களில் சிறு முடிச்சுகள் என்றால் நூற்புழுவாக இருக்கலாம். வேர்க்கழுத்தில் சொரசொரப்பான கட்டி என்றால், அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா என்றுதான் சந்தேகப்படுவேன். இது சக பாக்டீரியாவோடு நிற்காமல் செடிக்கே மரபணு தருகிற ஆசாமி. காயத்தின் வழியே தன் பிளாஸ்மிட்டில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அதன் பிறகு செல் தானாகப் பெருகும், பாக்டீரியா செத்தாலும் கட்டி வளரும். அதனால்தான் மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேரோடு எடுத்து எரியுங்கள், கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு எதிராக கே84 என்ற நல்ல பாக்டீரியா கலந்த தண்ணீரில் நாற்றின் வேரை நனைத்து நட்டார்கள். நோய்க்கிருமியைக் கொல்லும் நஞ்சுக்கான மரபணுவும், அந்த நஞ்சிலிருந்து தப்பும் திறனும் அதன் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. அது நோய்க்கிருமிக்குக் கைமாறினால் எல்லாம் வீண். அதனால் கைமாற்றும் பகுதியை வெட்டியெடுத்து கே1026 என்ற வகையை உருவாக்கினார்கள். உங்களுக்கு இப்போதைக்குச் சொல்வது: நாற்று வாங்கும்போதே வேர்க்கழுத்தைப் பாருங்கள். கட்டி இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.