வகுப்புக் குழுவில் வந்த கடைசி எபிசோடு

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், வயது 16. ‘தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரிட்டி’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசி எபிசோடை டெலிகிராமில் இறக்கிப் பார்த்தவள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள். கூடப் படிக்கும் பெண்ணின் அப்பா போன் செய்து, “மூணு வருஷம் ஜெயில், ஜாமீனே கிடையாது” என்கிறார். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விபிஎன் (நாம் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் செயலி) போட்டுப் பார்த்தால் தப்பில்லை என்கிறான் என் தம்பி. என்ன செய்வது?
- ஒரு தந்தை, தென்காசி

பதில்: முதலில் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள். போன் செய்தவர் ஏதோ படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார், ஆனால் பாதி படித்திருக்கிறார்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருப்பது உண்மை. இது ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு ஜாமீனே கிடைக்காது என்று பொருளில்லை. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க அதே பிரிவு இடம் தருகிறது. எப்படியும் உங்கள் மகளுக்கு 18 ஆகவில்லை. விவகாரம் வந்தாலும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 3 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் அங்கே சிறு குற்றம். பெரியவர்கள் யாரும் கூட்டுச் சேராதவரை எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை என்பதே விதி.

சரி, அவள் செய்தது எது? பார்த்தாள், போனில் சேமித்தாள், பகிர்ந்தாள். மூன்றும் ஒன்றல்ல. திருட்டுப் பிரதியை வெறுமனே பார்ப்பது குற்றமாகாது என்று 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் தெளிவாக்கினார். முடக்கிய தளங்களில் ‘பார்த்தாலே 3 ஆண்டு’ என்று வந்த எச்சரிக்கையையும் மாற்றச் சொன்னார். சேமிப்பது பிரதி எடுப்பது. அதில் வாதத்துக்கு இடமுண்டு. குழுவில் போட்டதுதான் நேரடியாக இடிக்கிறது. டோரன்ட் (பயனர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை) இதைவிட மோசம்: நாம் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அது மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே இன்றே குழுவில் ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கான கெடு முடிந்திருந்தால், குழு அட்மினிடம் சொல்லி, எல்லோரும் அழித்துவிடும்படி ஒரு வரி போடட்டும். போனிலிருக்கும் ஃபைலும் போகட்டும். அதற்கு மேல் நீங்களாகக் காவல் நிலையம் போய் நிற்க வேண்டியதில்லை.

இனி எங்கே பார்ப்பது? இந்தத் தொடர் அமேசான் பிரைமின் சொந்தத் தயாரிப்பு. மூன்றாவது சீசனின் 11-வது எபிசோடோடு 2025 செப்டம்பர் 17-ல் முடிந்தது. இந்திய பிரைம் கணக்கே போதும், விபிஎன் எதற்கு என்று தம்பியைக் கேளுங்கள். சொந்தத் தயாரிப்பாக இல்லாத தொடர்கள்தான் இடம் மாறும். உதாரணமாக, அமெரிக்காவின் எச்பிஓ சேனல் தொடர்கள் 2023 மார்ச் இறுதியில் ஹாட்ஸ்டாரை விட்டு விலகி, பிறகு ஜியோசினிமாவுக்குப் போயின. 2025 பிப்ரவரியில் இரண்டு செயலிகளும் ஜியோஹாட்ஸ்டாராக ஒன்றாயின. சந்தா கட்டுமுன் ஜஸ்ட்வாட்ச் தளத்தில், நாடு இந்தியா என்று வைத்து, தொடரின் பெயரைத் தேடுங்கள். இப்போது யாரிடம் இருக்கிறது என்று வந்துவிடும். மொபைல் ரீசார்ஜோடு ஓடிடி இலவசமாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிப் பார்ப்பது பொதுவாக ஓடிடி நிறுவனங்களின் நிபந்தனைகளுக்கு விரோதம். கணக்கை முடக்கினால் கேட்க முடியாது.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், 18 ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ‘யு/ஏ 13+’ என்ற வயதுக் குறியீடோ அதற்கு மேற்பட்டதோ உள்ள நிகழ்ச்சிகளுக்குப் பூட்டு வசதி தந்தாக வேண்டும். அதற்கு நீங்கள் வைக்கும் பின் எண் உங்கள் பிறந்த வருடமாக மட்டும் இருக்க வேண்டாம். அதை அவள் முதல் முயற்சியிலேயே போட்டுவிடுவாள்.