நாட்டுக்கோழி முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைக்க இன்குபேட்டர் வாங்கலாமா?

மதுரையில் மாடி வீடு, ஆன்லைனில் 50 முட்டை இன்குபேட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், முட்டை வாங்கிப் பொரிக்க வைத்து பத்திருபது நாட்டுக்கோழி வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த மிஷினுக்குக் கொடுக்கும் காசில் அவயத்துக்கு வந்த, அதாவது அடைகாக்க உட்காருகிற, பெட்டைக்கோழி ஒன்றை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். இதே கேள்விக்கு ஒருவர் "குஞ்சு பொரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா, முட்டையை வைத்து சுவிட்சைப் போட்டால் 21 நாளில் மிஷினே பார்த்துக்கும்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் பேசாமல் போக மனசு வரவில்லை.

உடனே "பழைய பஞ்சாங்கம்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். செக்கானூரணிப் பக்கம் எங்கள் வீட்டில் தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பும் சின்ன ஃபேனும் டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் மாட்டிய மிஷின் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மிஷினில் ஒரு நல்லது உண்டு. முட்டையை எடுத்து அதில் வைத்துவிட்டு அவயத்தைக் கலைத்துவிட்டால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும், குஞ்சோடு திரிந்தால் இரண்டு மாதம் போய்விடும். நிறைய கோழி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். பத்துக் கோழி வளர்க்கப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

மாடி என்று சொன்னீர்களே, முதல் சிக்கலே அங்கேதான். பொரிப்புக்குச் சரியான சூடு 37.5 டிகிரி சொச்சம். ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்பக்கத்தில் அளந்து ஒரு டிகிரி அதிகமாக வைக்க வேண்டும். உங்களுக்கு விற்கப்போகும் மிஷினுக்குச் சூடு ஏற்றத் தெரியும், குறைக்கத் தெரியாது. சித்திரை வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் அந்தப் பெட்டி இருந்தால் பல்பு அணைந்தே கிடக்கும், உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். முட்டை கொஞ்ச நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், 40 டிகிரியைத் தாங்காது, உள்ளே கரு வெந்து போகும். அதனால் மிஷின்தான் என்று முடிவு செய்தால் கீழ் வீட்டில், வெயில் படாத சுவர் ஓரமாக வையுங்கள். முடிந்தால் ஐப்பசி முதல் மாசி வரை வையுங்கள்.

முட்டை எங்கே வாங்குவீர்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. மளிகைக் கடை வெள்ளை முட்டை பொரியாது. அந்தப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் துணையாகத் திரிகிற வீட்டில் வாங்குங்கள். இட்டு ஒரு வாரத்துக்கு மேல் போகாத முட்டையாக இருக்கட்டும், கோடையில் அது மூன்று நான்கு நாளுக்குள். நம் ஊர் வெயிலில் அலமாரியில் சும்மா கிடக்கிற முட்டைக்குள்ளேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். இதனால்தான் எங்கள் அம்மா குடிதண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலில் சட்டியைப் புதைத்து, அதில் கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி, மேலே துணி போட்டு வைப்பார். ஃபிரிட்ஜில் வைத்த முட்டை வேண்டாம், கழுவிய முட்டையும் வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் அவயத்துக்கோ மிஷினுக்கோ கொடுக்க வேண்டும்.

இப்போது கோழி என்ன செய்கிறது என்று பாருங்கள். அவயத்துக்கு வந்த சிறுவிடைக் கோழி (சின்ன உருவ நாட்டுக்கோழி) முட்டையிடுவதை நிறுத்திவிட்டு ஒரே குரலில் கேறிக்கொண்டு, இறகைச் சிலுப்பிக்கொண்டு, கை நீட்டினால் கொத்த வரும். பழைய கூடையில் மணல், மேலே வைக்கோல், பேன் அண்டாமல் இருக்க வேப்பிலை, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டும் இரும்பாணியும். (இடிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு யாரும் விவாதத்தை ஆரம்பிக்க வேண்டாம், வீட்டு வழக்கம், வைக்கிறோம்.) பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து இருட்டினதும் கோழியை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படும், அந்தச் சூடுதான் கணக்கு. அலகால் தானே முட்டையைப் புரட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி இரை எடுத்து, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். தானாகப் புரட்டாத மிஷின் என்றால் இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டும். 18ஆம் நாள் வரை தினமும் மூன்று தடவையாவது புரட்ட வேண்டும், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் நிற்கும்படி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் புரட்டாமல் ஈரத்தை 65க்கு மேல் ஏற்றி, மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். ஒன்றும் இல்லாமல் வெளுப்பாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

ஆபீஸ் போய் வரும் நீங்கள் மத்தியானம் யாரை வைத்து முட்டையைப் புரட்டுவீர்கள்? வீட்டில் இருக்கும் அம்மாவோ மனைவியோதான் புரட்டப் போகிறார்கள். அதை எழுதும்போதே எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஒரு படிவம் நிரப்புவார்கள். தகப்பனார் தொழில் விவசாயம், தாயார் தொழில் என்ற இடத்தில் "இல்லை". வானம் பொய்த்து கம்மாய் காய்ந்து கிடந்த வருஷத்தில் எனக்குக் காலேஜ் பீஸ் கட்டியது கோழி விற்ற காசு. அரிசிப் பானைக்குள் சுருக்குப் பையில் அம்மா சேர்த்திருந்த சிறுவாடு. விடியக்காலம் கூட்டைத் திறந்து, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, கீரி வந்தால் கம்போடு ஓடி, முடியாத குஞ்சுக்கு மிளகும் கீழாநெல்லியும் இடித்து ஊட்டி, இதெல்லாம் ஒரு தொழில் இல்லையாம். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் "அப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வச்சார்" என்றுதான் பேசுகிறார்கள். அப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அதே வேலையை இப்போது ஒரு பையன் கேமரா வைத்துச் செய்தால் "இயற்கைப் பண்ணையாளர்" ஆகிவிடுகிறார்.

சரி, அவயக் கோழியை நம்பச் சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. போன கோடையில் மிஷினில் முட்டை நிறைய இருந்தது, 19ஆம் நாள். சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து எங்கள் தெரு முனையில் மின்கம்பம் சாய்ந்தது. காலையில்தான் ஆள் வருவார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு தானே கொஞ்சம் சூடு கொடுக்கும், பெட்டியைப் போர்வையால் மூடினால் சில மணி நேரம் தாங்கும், ஆனால் விடிய விடியத் தாங்குமா? ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்து கீச் என்று ஒரு சத்தம், அப்புறம் ஓட்டைச் சுரண்டுகிற சத்தம். அதைக் கேட்டபிறகு போர்வையை மூடிவிட்டுப் படுக்க யாருக்கு மனம் வரும்?

அந்த நேரம் கூட்டில் இரண்டு கோழி அவயத்தில் இருந்தன. ஒன்றின் அடியில் கூமுட்டைதான், இன்னொன்று 21 நாளில் பாதி கூட முடிக்காதது. முட்டைகளைத் துணியில் சுற்றி முறத்தில் எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் லைட் அடித்தார். அத்தை கூட்டு வாசலில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு, "அது மூஞ்சிக்கு நேரா லைட்ட அடிக்காதப்பா. நீ பின்பக்கமா கைய விடு தாயி, முட்டை உன் உள்ளங்கைக்குள்ள இருக்கட்டும், அது உன் கையத்தான் கொத்தும், கொத்திட்டுப் போகட்டும்" என்றார். கொத்தியது. கையை அடியில் விட்டால் அந்த வெறும் வயிறு காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. பழைய முட்டையை ஒன்று எடுத்து புதுசை ஒன்று வைத்து, இப்படியே மாற்றினேன். கூமுட்டையில் உட்கார்ந்திருந்த சிவப்புக் கோழிக்குத்தான் முதலில் விளங்கியது. முட்டைக்குள் கீச்சு கேட்டதும் கேறுவதை நிறுத்திவிட்டு, அடித்தொண்டையில் க்ளக் க்ளக் என்று மெதுவாக ஒரு குரல் கொடுத்தது. அந்தக் குரல் குஞ்சோடு திரியும் தாய்க்கோழி கொடுப்பது. உள்ளே இருந்து பதில் வந்தது. அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கரண்ட் வந்தது மறுநாள் மத்தியானம். அதற்குள் சிவப்புக் கோழியின் இறகுக்குள் இருந்து ஈரம் காயாத தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் பொரியவில்லை, பெரும்பாலானவை பொரிந்தன. "அது தற்செயல், யுபிஎஸ் வைத்திருந்தால் போதும்" என்று சொல்லப் போகிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், மிஷின் வைத்திருப்பவர் கட்டாயம் வைக்க வேண்டியதுதான். நான் சொல்வது, வீட்டில் ஒரு பெட்டை இருந்தால் யுபிஎஸ்ஸே வேண்டாம்.

பொரித்த பிறகுதான் உண்மையான வேலை, மிஷின் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. குஞ்சு வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும், அவசரப்பட வேண்டாம். தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. வழுக்கும் பேப்பரை மட்டும் விரித்து விடாதீர்கள், கால் விரிந்து போகும். சாக்கு அல்லது உமி போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு அதிலேயே முழுகிச் சாகும். தீனிக்குக் குருணை, கம்பு, அப்புறம் கரையான். மண் பானைக்குள் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் செம்மண் தரையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். மாடியில் இது நடக்காது, ஊரில் யாராவது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கழிச்சலை மட்டும் கை வைத்தியத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். அம்மா மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் எல்லாம் கொடுப்பார், நானும் கொடுக்கிறேன், ஆனால் கழிச்சல் வந்துவிட்டால் கூட்டையே காலி செய்துவிட்டுத்தான் போகும். ராணிகேட் என்று ஊசிச் சீட்டில் எழுதுவார்களே, அது இந்த நோய்தான். ஏழு நாளுக்குள் லசோட்டா சொட்டு மருந்து கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி ஒரு தடவை, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்2பி ஊசி. மருந்து பாட்டில் 100 குஞ்சுக்குக் குறைந்து கிடைப்பதே கஷ்டம், திறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதனால் எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். வாங்கும்போது ஐஸ் போட்ட டப்பாவோடு போங்கள். ஒரு கடையில் சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போங்க என்று கொடுத்தார்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறையே ஊர் ஊராக இலவசமாகப் போடும். சந்தேகம் இருந்தால் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

மாடிக்குக் கம்பி வலை கட்டும்போது மேல்பக்கத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். நகரத்தில் கீரியை விடக் காக்காயும் பூனையும்தான் குஞ்சைத் தூக்கும். கோழி வாங்கப் போனால் காலை நேரம் போகாதீர்கள், பொழுது சாய்ந்து கூடு அடையும்போது போங்கள். கேறுகிறதா, முட்டை இல்லாத வெறும் கூடையிலும் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கூடையோடு சேர்த்து ராத்திரியே கொண்டு வந்து, இருட்டான மூலையில் இரண்டு கூமுட்டையில் உட்கார வைத்து ஒரு நாள் பாருங்கள். எழுந்திருக்காமல் இருந்தால் மறுநாள் ராத்திரி நல்ல முட்டையை வையுங்கள்.